காற்றில் முறுகும் சர்க்கரைவள்ளி

அமெரிக்காவின் ஹாஷ், நெதர்லாந்துக்காரர் கண்டுபிடித்த ஏர் ஃப்ரையர், கொலம்பஸ் கப்பலேறிவந்த கிழங்கு. மூன்றும் ஒரு கூடையில் சேர்ந்தால் காலை உணவு தயார். ஆனால், மொறுமொறுப்பு வருவது எப்படி?

ஏர் ஃப்ரையர் புதிதாக வந்த வீடுகளில் முதல் வாரம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் நடக்கிறது. முதல் நாள், பாக்கெட்டில் வாங்கிய உறைந்த உருளைக்கிழங்கு ஃப்ரை. கடைச் சுவையில் வந்து இறங்குகிறது. மறுநாள், தோலோடு கோழிக்கால். அதுவும் பாஸ். அந்தத் தெம்பில் அடுத்து ஒரு கிலோ சர்க்கரைவள்ளிக் கிழங்கை நறுக்கி, கூடை வழியக் கொட்டி, 'எண்ணெயே வேண்டாம்' என்ற விளம்பரத்தை நம்பி அப்படியே உள்ளே தள்ளுகிறார்கள். மணி அடித்ததும் இழுத்துப் பார்த்தால், மேலே ஓரங்கள் கருகியிருக்கின்றன. அடியில் கிழங்கு கொழகொழத்துக் கிடக்கிறது. பிள்ளைகள் ஒரு துண்டைக் கடித்துப் பார்த்துவிட்டு, "தோசையே ஊத்தும்மா" என்கிறார்கள்.

பழி இயந்திரத்தின் தலையில் விழுகிறது. முதல் இரண்டு நாள் கிடைத்த பாராட்டிலும் அதற்குப் பாதிப் பங்குதான் உண்டு. உறைந்த ஃப்ரை, தொழிற்சாலையிலேயே ஒருமுறை எண்ணெயில் பொரிந்து வந்த பண்டம். கோழிக்கு அதன் தோலிலிருக்கும் கொழுப்பே போதும். சர்க்கரைவள்ளிக்கு இந்தச் சலுகை எதுவும் கிடையாது. 100 கிராம் பச்சைக் கிழங்கில் ஏறத்தாழ 77 கிராம் தண்ணீர். 4 கிராமுக்குமேல் சர்க்கரை. தண்ணீர் முறுக விடாது. சர்க்கரை கருகாமல் விடாது.

இந்த இரட்டைத் தொல்லையைச் சமாளித்து, இதே கிழங்கை மொறுமொறுவென்று காலைத் தட்டில் வைக்கும் வழியை அமெரிக்க வீட்டுச் சமையலறைகள் கண்டுபிடித்து வைத்திருக்கின்றன. 'ஸ்வீட் பொட்டேட்டோ ஹாஷ்' என்று அதற்குப் பெயர். சிறு கட்டங்களாக நறுக்கிய கிழங்கு, வெங்காயம், குடைமிளகாய், மேலே மஞ்சள் கரு உடையாத ஓர் ஆஃப்பாயில். அவ்வளவுதான் சமாசாரம். செய்வதற்கு முன் கிழங்கையும் இயந்திரத்தையும் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி.

மிச்ச மீதியில் பிறந்த தட்டு

ஹாஷ் ஒன்றும் ராஜ விருந்தல்ல. நேற்றைய இறைச்சியின் மிச்சம், வேகவைத்த உருளைக்கிழங்கு, வெங்காயம் மூன்றையும் பொடிப்பொடியாக நறுக்கிக் கொழுப்பில் புரட்டி எடுப்பதுதான் பழைய பாணி. 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் அமெரிக்க நகரங்களில் கூலிக்காரர்களும் குமாஸ்தாக்களும் மலிவாகச் சாப்பிட்ட கடைகளுக்கு 'ஹாஷ் ஹவுஸ்' என்றே பெயர் இருந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நல்ல இறைச்சிக்கு ரேஷன் வந்தபோது, டப்பாவில் அடைத்த உப்புக்கண்ட மாட்டிறைச்சியோடு இந்தப் பண்டம் வீடுகளிலும் நிலைத்தது. இன்றும் அங்குள்ள டைனர்களில் காலை நேரத்தில் அகலமான இரும்புக் கல்லின்மேல் ஹாஷைப் பரப்பி, அடி முறுகும்வரை கை வைக்காமல் விட்டுவிடுவார்கள். கிளறிக்கொண்டே இருப்பவருக்கு முறுகல் கிடைக்காது என்பது அந்தக் கல்லில் நிற்பவர்களின் முதல் பாடம்.

இந்தத் தட்டுக்குள் சர்க்கரைவள்ளி நுழைந்தது பிற்பாடு. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் அது ஏழைகளின் கிழங்கு. அடிமைத்தனத்தில் பிறந்து வேளாண் விஞ்ஞானியாக உயர்ந்த ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர், 1896இல் அலபாமாவின் டஸ்கீகி கல்வி நிலையத்துக்கு வந்தார். பருத்தியையே திரும்பத் திரும்பப் பயிரிட்டுச் செத்துப்போன மண்ணில் நிலக்கடலையையும் சர்க்கரைவள்ளியையும் போடச் சொல்லி விவசாயிகளிடம் மன்றாடினார். விளைந்ததை என்ன செய்வது என்று கேட்டவர்களுக்காகச் சர்க்கரைவள்ளியிலிருந்து மாவு, ஸ்டார்ச், பாகு என்று நூற்றுக்கும் மேற்பட்ட பொருள்களைச் செய்து காட்டினார். பாதுகாக்கும் முறையையும் சமைக்கும் முறையையும் சேர்த்துக் கையேடாகவே அச்சிட்டுக் கொடுத்தார்.

அப்புறமும் நெடுங்காலம் அது நன்றி நவிலல் நாள் விருந்தில் இனிப்புப் பண்டமாகத்தான் இருந்தது. காலை உணவுக்கு அதை இழுத்துவந்ததில் உணவுக் கட்டுப்பாட்டு அலைகளுக்குப் பங்குண்டு. 2009இல் தொடங்கிய 'ஹோல்30' என்ற 30 நாள் உணவுத் திட்டம் தானியம், பால், சர்க்கரை எல்லாவற்றையும் விலக்கியது. 2014 வரை உருளைக்கிழங்குக்கும் தடைதான். சர்க்கரைவள்ளிக்குத் தடையில்லை. ரொட்டியும் ஓட்ஸும் உருளையும் இல்லாத காலை வேளையில் முட்டைக்குத் துணை வேறென்ன? ஹாஷில் உருளையின் இடத்தைச் சர்க்கரைவள்ளி பிடித்துக்கொண்டது.

கிழங்கின் ஜாதகம்

உருளைக்கிழங்குக்கும் இதற்கும் நெருங்கிய உறவு கிடையாது. உருளை, கத்தரிக்காயின் குடும்பம். சர்க்கரைவள்ளி, வேலியில் படரும் நீலப் பூங்கொடியான மார்னிங் குளோரியின் குடும்பம். உருளை, மண்ணுக்குள் பருத்த தண்டு. சர்க்கரைவள்ளி, பருத்த வேர்.

பிறந்த மண் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதி. கொலம்பஸின் பயணங்களுக்குப் பிறகு ஸ்பெயினுக்குப் போய், போர்ச்சுகீசியர் வழியாக இந்தியக் கரைக்கு வந்தது. அதற்குப் பல நூற்றாண்டு முன்பே பசிபிக் தீவுகளில் அது விளைந்துகொண்டிருந்தது என்பது தனி ஆச்சரியம். குக் தீவுகளைச் சேர்ந்த மங்காயாவில் கொலம்பஸுக்கு முந்தைய காலத்தின் கரிந்த கிழங்குத் துண்டுகள் தொல்லியல் அகழ்வில் கிடைத்திருக்கின்றன.

இன்றைய உலகத்தில் விளைச்சலில் முதலிடம் சீனாவுக்கு. அமெரிக்காவுக்குள் வட கரோலினாவை மிஞ்ச ஆளில்லை. வில்சன் என்ற ஊரின் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் மனுப் போட்டு, 1995இல் சர்க்கரைவள்ளியை அந்த மாநிலத்தின் அதிகாரப்பூர்வக் காய்கறியாக்கிய கதையும் அங்கே உண்டு. அங்கு விளைவது பெரும்பாலும் 'கவிங்டன்' ரகம். லூசியானாவில் உருவாகி 1987இல் வெளிவந்த 'போரிகார்ட்' இன்னொரு பெயர்பெற்ற ரகம். இரண்டுக்கும் உள்ளே ஆழ்ந்த ஆரஞ்சு நிறம், ஈரப்பசை அதிகம், வெந்தால் குழையும்.

தோண்டியதும் கிழங்கை நேரே கடைக்கு அனுப்பிவிட மாட்டார்கள். 30 டிகிரியை ஒட்டிய வெப்பத்திலும், 85 முதல் 90 சதவீத ஈரப்பதத்திலும் சில நாள் வைத்துப் பதப்படுத்துகிறார்கள். தோண்டும்போது பட்ட காயங்கள் அதில் ஆறி, மேலே புதுத் தோல் கட்டுகிறது. பிறகு 13 முதல் 15 டிகிரியில் வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. இருப்பில் இனிப்பும் ஏறும். அதற்குக் கீழே குளிர் பட்டால் கிழங்குக்கு ஆகாது. நடுப்பகுதி விறைத்துப்போய், எவ்வளவு வேகவைத்தாலும் மெத்தென்று ஆகாமல் நிற்கும். காய்கறிப் பையை அப்படியே ஃப்ரிட்ஜில் வைக்கும் வீடுகளில் சர்க்கரைவள்ளியை மட்டும் வெளியே எடுத்துக் காற்றோட்டமான கூடையில் போட்டுவிடுவது நல்லது.

விசிறி வைத்த அடுப்பு

சூடான காற்றை விசிறியால் சுழற்றி உணவை வேகவைக்கும் எண்ணம் புதிதல்ல. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில் வில்லியம் மேக்ஸன் என்ற அமெரிக்கர், விமானத்தில் உறைந்த சாப்பாட்டைச் சூடாக்குவதற்காக 'வேர்ல்விண்ட்' என்ற விசிறி அடுப்பைச் செய்தார். பிறகு பேக்கரிகளிலும் பெரிய ஹோட்டல்களிலும் கன்வெக்‌ஷன் அடுப்புகள் வந்தன.

அதை மேடைமேல் வைக்கும் அளவுக்குச் சுருக்கியவர் நெதர்லாந்தைச் சேர்ந்த ஃபிரெட் வான் டெர் வெய். எண்ணெய்ச் சட்டி இல்லாமல் நல்ல ஃப்ரை செய்ய வேண்டும் என்பதே அவருடைய நோக்கம். ஃபிலிப்ஸ் நிறுவனம் அந்த நுட்பத்தை வாங்கி, 2010இல் பெர்லினில் நடந்த ஐ.எஃப்.ஏ. மின்னணுக் கண்காட்சியில் ஏர் ஃப்ரையர் என்ற பெயரில் அறிமுகப்படுத்தியது. கொரோனா ஊரடங்கில் வீட்டுச் சமையல் கூடியபோது உலகெங்கும் விற்பனை ஏறியது. 2022இல் பிரிட்டனில் மின் கட்டணம் எகிறியபோது, பெரிய அவனைச் சூடாக்கக் கட்டுப்படியாகாத குடும்பங்கள் இதன் பக்கம் திரும்பின.

மேலே ஒரு மின்சுருள், அதற்குமேல் ஒரு விசிறி, கீழே ஓட்டை போட்ட கூடை. ஏர் ஃப்ரையரின் உள்ளுறுப்பு இவ்வளவுதான். பெயரில் 'ஃப்ரையர்' இருந்தாலும் பொரிக்கும் வேலை அதற்குத் தெரியாது. கொதிக்கும் எண்ணெய் கிழங்கின் எல்லாப் பக்கமும் ஒட்டிக்கொண்டு ஒரே கணத்தில் சூட்டைக் கடத்தும். காற்றுக்கு அந்தச் சக்தி இல்லை. அதனால்தான் அது வேகமாக ஓட வேண்டியிருக்கிறது. அதனால்தான் மேலே எண்ணெய் மெல்லிசாகப் பூசியிருக்கவும் வேண்டியிருக்கிறது. கூடையை நிறைத்துவிட்டால் காற்று ஓட வழியில்லை; கிழங்கு தன் ஆவியிலேயே வெந்து அவியலாகிவிடும்.

வீட்டு மின் இணைப்பையும் கவனிக்க வேண்டும். 1,500 வாட் இயந்திரம் 230 வோல்ட்டில் ஆறரை ஆம்பியருக்குமேல் இழுக்கும். செல்ஃபோன் சார்ஜர் மாட்டும் சாதாரண பாயிண்டில் செருகாமல், கிரைண்டரும் கீஸரும் மாட்டும் பவர் பிளக்கில் மாட்டுவதே பாதுகாப்பு. செலவைக் கணக்குப் பார்த்தால், 20 நிமிடம் ஓடினால் அதிகபட்சம் அரை யூனிட். நடுநடுவே சுருள் தானாக அணைந்து எரிவதால் அதற்கும் கீழேதான் வரும்.

கூடைக்குள் கால் மணி நேரம்

இனிக் கூடைக்குள் எட்டிப் பார்க்கலாம். ஒன்றேகால் சென்டிமீட்டர் கட்டங்களாக நறுக்கிய கிழங்கு. 200 டிகிரி.

முதல் மூன்று நான்கு நிமிடம் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. மேல்பரப்பிலுள்ள ஈரம் ஆவியாகிக்கொண்டிருக்கிறது. ஈரம் இருக்கும்வரை காற்று எத்தனை டிகிரியில் வீசினாலும் கிழங்கின் மேல்பரப்பு 100 டிகிரியைத் தாண்டாது. வருகிற சூடெல்லாம் தண்ணீரை ஆவியாக்கவே சரியாக இருக்கும். நறுக்கிய துண்டுகளைத் துணியில் ஒற்றித் துடைக்காமல் போடுபவர்களுக்கு இந்தக் கட்டம் இன்னும் நீளும். முறுகுவதற்குள் உள்ளே குழைந்துவிடும்.

அதே நேரத்தில் உள்ளே ஒரு ரசாயன வேலை நடக்கிறது. சர்க்கரைவள்ளியில் மாவுச்சத்தை உடைத்து மால்ட்டோஸ் என்ற சர்க்கரையாக மாற்றும் அமைலேஸ் நொதி ஏராளம். சுமார் 57 முதல் 75 டிகிரி வரையிலான வெப்பத்தில் அது சுறுசுறுப்பாக வேலை செய்யும். கிழங்கு அந்த வெப்பத்தில் எவ்வளவு நேரம் இருக்கிறதோ, அவ்வளவுக்கு மாவு குறையும், இனிப்பு ஏறும், சதை இளகும். தணலில் மெதுவாகச் சுட்ட கிழங்கு தேன் ஒழுகுவது இதனால்தான். ஹாஷுக்கு வேண்டியது நேர் எதிர். மாவு மிச்சமிருந்தால்தான் மொறுமொறுப்பு. ஆகவே நொதிக்கு அவகாசம் கொடுக்காமல் அந்தக் கட்டத்தைச் சட்டென்று தாண்ட வேண்டும். துண்டு சிறிதாக இருப்பதும், இயந்திரத்தை மூன்று நிமிடம் முன்கூட்டியே சூடாக்குவதும், கூடையில் ஒரே அடுக்காகப் பரப்புவதும் இதற்காகத்தான்.

ஏழெட்டு நிமிடத்தில் ஓரங்கள் சுருங்கி, மூலைகள் லேசாகப் பொன்னிறம் காட்டும். மேல்பரப்பு காய்ந்து 140 டிகிரியைத் தொடும்போது, புரதத்தின் அமினோ அமிலங்களும் சர்க்கரையும் சேர்ந்து மணத்தையும் நிறத்தையும் கொடுக்கும் மெயில்லார்டு வினை வேகமெடுக்கிறது. கூடையை வெளியே இழுத்து ஒரு குலுக்கு குலுக்கினால் துண்டுகள் கடகடவென்று ஓசையிடும். ஆரம்பத்தில் போட்டபோது வந்த மந்தமான சத்தம் மாறியிருக்கும். வெங்காயத்தையும் குடைமிளகாயையும் சேர்க்க இதுதான் சமயம். முதலிலேயே சேர்த்தால், கிழங்கு முறுகுவதற்குள் வெங்காயம் கரியாகிவிடும்.

பத்தாவது நிமிடத்துக்குப் பிறகு கண்ணை எடுக்கக்கூடாது. சர்க்கரை உள்ள கிழங்கு என்பதால் பொன்னிறத்துக்கும் கருப்புக்கும் நடுவே ஓரிரு நிமிடம்தான் இருக்கும். கருகல் கசக்கும் என்பதோடு விஷயம் முடிவதில்லை. மாவுச்சத்துள்ள பண்டங்களை 120 டிகிரிக்குமேல் பொரிக்கும்போதும் சுடும்போதும் அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருள் உண்டாகிறது என்பதை ஸ்வீடன் ஆராய்ச்சியாளர்கள் 2002இல் வெளிப்படுத்தினார்கள். நிறம் கறுக்கக் கறுக்க அதன் அளவும் கூடும். நறுக்கிய கிழங்கைக் கொஞ்ச நேரம் தண்ணீரில் ஊறவைப்பது, பொன்னிறத்திலேயே எடுத்துவிடுவது இரண்டும் அதைக் குறைக்கும்.

தாளித்துப் பழகிய கை சும்மா இருக்காது. ஆனால், கறிவேப்பிலையைக் கிள்ளி முதலிலேயே கூடையில் போட்டால், விசிறிக் காற்றில் அது பறந்துபோய் மேலேயுள்ள சுருளில் ஒட்டிப் புகையும். கொத்தமல்லித் தழைக்கும் அதே கதிதான். இலையெல்லாம் தட்டுக்கு வந்த பிறகு.

நம்மூர்க் கிழங்குக்கு ஒரு சாதகம்

அமெரிக்கச் சமையல் குறிப்புகள் எல்லாம் அந்த ஊர் ஆரஞ்சுக் கிழங்கை வைத்து எழுதப்பட்டவை. தமிழ்நாட்டுச் சந்தைகளில் மார்கழி, தை மாதங்களில் குவிகிற கிழங்கு வேறு மாதிரி. சிவந்த தோல், உள்ளே வெள்ளை அல்லது இளமஞ்சள். தென்மாவட்டங்களில் சீனிக்கிழங்கு என்பார்கள். திருவாதிரைக் களிக்குத் தொட்டுக்கொள்ளும் கூட்டிலும் பொங்கல் நாள் குழம்பிலும் பூசணி, மொச்சையோடு அதற்கும் நிச்சய இடம் உண்டு. மற்றபடி அவித்து உரித்து மாலையில் தின்பதோடு சரி. இலங்கையில் வத்தாளங்கிழங்கு எனப்படும் இதை அவித்துத் தேங்காய்ப்பூவோடும் சம்பலோடும் காலையிலேயே சாப்பிடும் வழக்கம் உண்டு.

இந்த வெள்ளைச் சதைக் கிழங்குகளில் பொதுவாக ஈரம் குறைவு, மாவு கூடுதல். அவித்தால் சில சமயம் விக்கிக்கொள்கிறதே, அதே குணம் ஏர் ஃப்ரையரில் வரமாகிவிடுகிறது. ஆரஞ்சுக் கிழங்கைவிட இது சுலபமாக முறுகும். நிறமும் சீக்கிரத்தில் கறுக்காது. நேரம் மட்டும் ஓரிரு நிமிடம் கூடுதலாகப் பிடிக்கலாம். வாங்கும்போது கை விரல் பருமனில் நீண்டிருப்பதைவிட, கையடக்கமாகத் திரண்டு, அழுத்தினால் கல்லாக நிற்பதை எடுக்க வேண்டும். விரல் பருமன் கிழங்கில் கட்டம் போட முடியாது, நாரும் தட்டுப்படும்.

மொறுமொறுப்பைக் கூட்ட அங்கே கார்ன்ஃப்ளார் தூவுகிறார்கள். இங்கே வாழைக்காய் வறுவலுக்கும் சேப்பங்கிழங்கு ரோஸ்ட்டுக்கும் தூவும் அரிசி மாவு அதே வேலையைச் செய்யும். அங்கே புகையூட்டிய பாப்ரிகா, தைம் இலை. இங்கே காஷ்மீரி மிளகாய்த்தூள், மிளகு, சீரகம். எதைப் போட்டாலும் மசாலாத் தூள்களைக் கடைசி இரண்டு மூன்று நிமிடத்தில்தான் சேர்க்க வேண்டும். 200 டிகிரியில் கால் மணி நேரம் தாங்கும் தெம்பு மிளகாய்த்தூளுக்கும் பூண்டுப் பொடிக்கும் கிடையாது.

செய்முறை: இரண்டு பேருக்கு

தேவை: தோல் சீவிய சர்க்கரைவள்ளி 400 கிராம், அரிசி மாவு அல்லது கார்ன்ஃப்ளார் 2 டீஸ்பூன், எண்ணெய் 1 டேபிள்ஸ்பூன், பெரிய வெங்காயம் 1, குடைமிளகாய் பாதி, மிளகுத்தூள் அரை டீஸ்பூன், சீரகத்தூள் கால் டீஸ்பூன், காஷ்மீரி மிளகாய்த்தூள் அரை டீஸ்பூன், உப்பு, முட்டை 2, கொத்தமல்லித் தழை, எலுமிச்சை.

கிழங்கை ஒன்றேகால் சென்டிமீட்டர் கட்டங்களாக, எல்லாம் ஒரே அளவில் நறுக்கவும். தண்ணீரில் 20 நிமிடம் ஊறவிட்டு வடித்து, சுத்தமான துணியில் பரப்பி நன்றாக ஒற்றி எடுக்கவும். இரவே நறுக்கித் துடைத்துவைத்து நேரத்தை மிச்சம் பிடிக்க நினைக்க வேண்டாம். குளிரில் வைத்த பச்சைக் கிழங்கின் பக்குவம் கெடும்.

அகலமான பாத்திரத்தில் போட்டு முதலில் மாவைத் தூவிக் குலுக்கவும். வெள்ளைத் திட்டு தெரியாதபடி ஒட்டியதும் எண்ணெயை ஊற்றி மறுபடி குலுக்கவும். உப்பு இப்போது வேண்டாம். போட்டால் கிழங்கு நீர் விடும்.

இயந்திரத்தை 200 டிகிரியில் மூன்று நிமிடம் சூடாக்கி, கூடையில் துண்டுகளை ஒரே அடுக்காகப் பரப்பவும். நாலு லிட்டர் கூடைக்கு 400 கிராமே உச்சவரம்பு. நாலு பேருக்கு வேண்டுமென்றால் இரண்டு ஈடாகப் போடுவதே சரி. ஏழெட்டு நிமிடத்தில் குலுக்கி, சதுரத் துண்டுகளாக நறுக்கிய வெங்காயத்தையும் குடைமிளகாயையும் ஒரு சொட்டு எண்ணெயில் பிசறிச் சேர்க்கவும். இன்னும் நாலு நிமிடம் கழித்து உப்பையும் மசாலாத் தூள்களையும் தூவிக் குலுக்கி, மேலும் இரண்டு மூன்று நிமிடம்.

அந்த இடைவெளியில் தோசைக்கல்லில் இரண்டு ஆஃப்பாயில் போட்டுவிடலாம். ஹாஷைத் தட்டில் கொட்டி, முட்டையை மேலே வைத்து, தழை தூவி, எலுமிச்சை பிழிந்து உடனே பரிமாறவும். மூடி வைத்தால் பத்தே நிமிடத்தில் ஆவியில் நமத்துவிடும். முட்டை சாப்பிடாதவர்கள் வறுத்த பனீரையோ, அவித்த கொண்டைக்கடலையையோ சேர்த்துக்கொள்ளலாம். மிச்சமானால் ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாள் 190 டிகிரியில் மூன்று நான்கு நிமிடம் காட்டினால் முறுகல் ஓரளவு திரும்பும்.

கூடையில் ஸ்ப்ரே எண்ணெய் அடிப்பவர்கள் கவனிக்க: அழுத்தப்பட்ட டப்பாக்களில் வரும் சமையல் ஸ்ப்ரேக்களில் எண்ணெயோடு லெசித்தின் போன்ற சேர்மானங்களும் இருப்பதுண்டு. அவை நான்ஸ்டிக் பூச்சின்மேல் பிசினாகப் படிந்து அதைக் கெடுக்கும். கரண்டியால் ஊற்றிக் கையால் பிசறுவதே மேல்.

சுகர் இருப்பவர்கள் சாப்பிடலாமா?

பெயரிலேயே சர்க்கரை இருப்பதால் இந்தக் கேள்வி வந்தே தீரும். பதில், கிழங்கைச் சமைக்கும் விதத்தைப் பொறுத்தது. ஜமைக்காவில் பயன்படுத்தும் 10 ரகச் சர்க்கரைவள்ளிகளை நான்கு விதமாகச் சமைத்து, ரத்தச் சர்க்கரை ஏறும் வேகத்தைக் காட்டும் கிளைசெமிக் குறியீட்டை அளந்த ஆய்வு ஒன்று 2011இல் வெளியானது. தண்ணீரில் அவித்தபோது குறியீடு 41 முதல் 50 வரை. எண்ணெயில் பொரித்தபோது 63 முதல் 77. அவனில் சுட்டபோது 82 முதல் 94. குளுக்கோஸின் குறியீடு 100 என்பதோடு ஒப்பிட்டால் இதன் கனம் புரியும்.

ஏர் ஃப்ரையரை அந்த ஆய்வில் சோதிக்கவில்லை. ஆனால் அது உலர்ந்த சூட்டில் வேகவைக்கும் சின்ன அவன் என்பதால், அவித்த கிழங்கின் கணக்கை இதற்குப் பொருத்திப் பார்ப்பது தப்பு. 'சர்க்கரைவள்ளி சுகருக்கு நல்லது' என்று கேள்விப்பட்டு ஒரு தட்டு நிறைய ஹாஷ் சாப்பிடுவது வம்பை விலைக்கு வாங்குவதாகும். சர்க்கரைக் கட்டுப்பாட்டில் இருப்பவர்களுக்குக் காலையில் அவித்த கிழங்கே உசிதம். ஆசைக்கு ஹாஷ் வேண்டுமென்றால் ஒரு கைப்பிடி அளவு. முட்டையும் காயும் தட்டின் பெரும்பகுதி.

மற்றவர்களுக்குக் கலோரிக் கணக்கு அச்சுறுத்தும் அளவில் இல்லை. 400 கிராம் கிழங்கில் சுமார் 345, எண்ணெயில் 120, மாவு, காய்கள் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஆளுக்கு 270 கலோரியை ஒட்டி வரும். ஒரு முட்டையோடு 350ஐ ஒட்டி நிற்கும். 100 கிராம் கிழங்கில் 3 கிராம் நார்ச்சத்தும் 337 மில்லிகிராம் பொட்டாசியமும் உண்டு. சிறுநீரகக் கோளாறால் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எண்ணெயை எதற்கு விட வேண்டும்?

வெள்ளைக் கிழங்கிடம் இல்லாத ஒரு செல்வம் ஆரஞ்சுக் கிழங்கிடம் இருக்கிறது. 100 கிராமில் எட்டரை மில்லிகிராம் பீட்டா கரோட்டின். உடல் அதைத்தான் வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது. ஆப்பிரிக்காவில் வைட்டமின் ஏ குறைவால் குழந்தைகள் பார்வை இழப்பதைத் தடுக்க, வெள்ளைக் கிழங்கு தின்று பழகிய மொசாம்பிக், உகாண்டா கிராமங்களில் ஆரஞ்சுக் கிழங்கைப் பரப்பினார்கள். அந்தப் பணிக்காக மரியா ஆந்த்ராடே, ராபர்ட் முவாங்கா, ஜான் லோ ஆகிய மூன்று விஞ்ஞானிகளும், ஊட்டம் செறிந்த பயிர்களுக்காக உழைத்த ஹோவர்த் பூயிஸும் 2016ஆம் ஆண்டின் உலக உணவுப் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

இந்தியாவிலும் விதை தயார். திருவனந்தபுரம் ஸ்ரீகார்யத்தில் 1963 முதல் இயங்கும் மத்தியக் கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் 'பூ சோனா' என்ற ஆரஞ்சு ரகத்தையும், 'பூ கிருஷ்ணா' என்ற ஊதா ரகத்தையும் கொடுத்திருக்கிறது. பூ சோனாவில் 100 கிராமுக்கு 14 மில்லிகிராம் பீட்டா கரோட்டின். வழக்கமான ரகங்களில் அது 2 முதல் 3 மில்லிகிராம்தான். நாட்டிலேயே சர்க்கரைவள்ளி அதிகம் விளையும் ஒடிசாவில் இவ்வகை ஆரஞ்சுக் கிழங்குகளைப் பரப்பும் முயற்சி நடந்துவருகிறது. சூப்பர் மார்க்கெட்டில் ஆரஞ்சுக் கிழங்கு கண்ணில் பட்டால் இதே செய்முறையில் மாவை இன்னும் அரை டீஸ்பூன் கூட்டி, கடைசி நிமிடங்களில் சூட்டை 190 டிகிரிக்கு இறக்கிவிட வேண்டும்.

கரோட்டின் கொழுப்பில் கரையும் பொருள். சாப்பாட்டில் கொஞ்சமாவது கொழுப்பு இருந்தால்தான் குடல் அதை உறிஞ்சும். 'ஒரு சொட்டு எண்ணெய் வேண்டாம்' என்று இயந்திரத்தின் அட்டைப்பெட்டியில் போட்டிருப்பதை நம்பி உலர வறுத்தால், நாக்குக்கு முறுகலும் கிடைக்காது, உடம்புக்குக் கரோட்டினும் முழுசாகச் சேராது. ஆழப் பொரிக்கும் சட்டிக்கு அரை லிட்டராவது வேண்டியிருக்கும் இடத்தில், இரண்டு பேருக்கு ஒரு டேபிள்ஸ்பூன் கணக்கு. அந்த ஒரு கரண்டியை மிச்சம் பிடிக்க வேண்டியதில்லை; செக்கு நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ, வீட்டில் எது இருக்கிறதோ அதுவே போதும்.